கருச்சாமி இன்று எங்கே

குளியலறைத் தாழ்ப்பாள் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு திருகாணியை முடுக்கினால் சரியாகிவிடும். ஆனால் அம்மா யாச்சினின் வயிற்றில் பிள்ளை இருக்கிறவரை அந்த வீட்டில் யாரும் திருப்புளியைத் தொடக் கூடாது. ஆகையால் உள்ளே போகிறவர்கள் பாட்டுப் பாட வேண்டும். பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கிறது, கேட்கவில்லை என்றால் திறந்துகொள்ளலாம். ஐந்து வயது நிங்நிங்குக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. அதுவும் பாதியில் மறந்துபோகும். அவள் உள்ளே இருக்கிறபோது அக்காள் ஹான்யூ கதவுக்கு வெளியே நின்று மீதிப் பாட்டைப் பாடித் தீர்ப்பாள்.

எல்லாம் கருச்சாமிக்காக. வயிற்றில் பிள்ளை தங்கியதும் கூடவே ஒரு சாமி வீட்டுக்குள் வந்துவிடும். ஒரு நாள் கதவில் இருக்கும், ஒரு நாள் அடுப்பில். மற்ற நாட்களில் கட்டில், திரிகை, சாமான் அறை என்று மாறிக்கொண்டே இருக்கும், கக்கூஸில்கூட இருக்கும். அது இருக்கிற இடத்தில் ஆணி அடித்தால் பிள்ளைக்கு உதடு பிளக்கும். கத்தரி வைத்தால் காது குறையும். அந்த இடத்துச் சாமானை நகர்த்தினால் பிள்ளையே தங்காது. எதற்கு வம்பு என்று வீடு முழுக்கவே ஆணியையும் திருப்புளியையும் தடை செய்திருந்தாள் மேய்ஜு அத்தை.

மேய்ஜு அத்தை அப்பாவின் அக்காள். மாடியில் இருந்தாள். கீழே முன்பக்கம் காலைச் சாப்பாட்டுக் கடை, நடுவில் சமையற்கட்டு, ஒரு நடை தாண்டிப் பின்னால் இவர்கள் படுக்கிற அறை. கடை அத்தையுடையது, கல்லா அத்தையுடையது, தம்பி ஜென்ஹாவும் கிட்டத்தட்ட அத்தையுடையவன்தான். அவன் காவோசியுங் துறைமுகத்துக்கு லாரி ஓட்டினான். வீட்டுக்கு வந்தால் தூங்கினான். அக்காள் சொல்வதற்கெல்லாம் தூக்கத்திலேயே தலையாட்டினான்.

சாமி இன்று எங்கே என்பதைக் கடைச் சுவரில் தொங்கும் தினக் காலண்டர் சொல்லும். ஒவ்வொரு தாளிலும் கீழ் ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அத்தையின் கண்ணாடியில் ஒரு கால் கழன்றுவிட்டது. அதற்கும் திருகாணி, அதற்கும் திருப்புளி. போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்ட அத்தை, பிள்ளை பிறக்கட்டும் என்று கண்ணாடியைக் கல்லா டிராயரில் போட்டுவிட்டாள். காலையில் தாளைக் கிழித்ததும் மூன்றாம் வகுப்பு ஹான்யூவைக் கூப்பிடுவாள்.

"மூத்தவளே, சாமி எங்கடி?"

"சாமான் அறையில, அத்தை."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். அத்தை, சாமி எவ்ளோ பெருசு இருக்கும்? அது கதவுல இருக்கற அன்னிக்கு நாம கதவைத் திறந்து மூடுறோமே, நசுங்காதா?"

"இப்படியே கேள்வி கேட்டுக்கிட்டு இரு. உனக்கு மாமியாரே கிடைக்க மாட்டா."

"அவளுக்கு அதுவும் நல்லதுதானே," என்றார் முட்டை அடை தின்றுகொண்டிருந்த தபால்கார லின். அத்தை அவர் தட்டில் மிளகாய்ச் சாந்தைக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினாள்.

அந்த வாரம் ஒரு நாள் யாச்சின் ஊறவைத்த சோயா வாளியைத் தூக்கிக் கிரைண்டர் பக்கத்தில் வைத்தாள். வைத்தவள் நிமிரவில்லை. வயிறு கல்லாக இறுகிவிட்டது. கிளினிக்கில் டாக்டரம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு, யாச்சினைப் பார்த்து அல்ல, பையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹான்யூவைப் பார்த்துச் சொன்னாள். பெரியவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்திருப்பாள் போலிருக்கிறது.

"உன் அம்மா இனிமே படுத்தே இருக்கணும். நிக்கக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. இல்லேன்னா பாப்பா இப்பவே வெளிய வந்துரும். வந்தா அதுக்கு மூச்சு விடக்கூடத் தெரியாது. புரியுதா?"

ஹான்யூவுக்குப் புரிந்தது. அத்தைக்கு அது தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்ததும் டாக்டர் என்ன சொன்னாள் என்று அவள் கேட்கவே இல்லை.

"எவ ஆணி அடிச்சது?" என்றாள்.

அறை அறையாகச் சோதனை போட்டாள். படுக்கை அறைச் சுவரில், அலமாரிக்குப் பின்னால், ஒரு குண்டூசி அகப்பட்டது. அதில் ஹான்யூ வரைந்த படம் தொங்கியது. அப்பா, அம்மா, ஹான்யூ, நிங்நிங், கடைசியில் பிள்ளைக்காக ஒரு பெரிய கேள்விக்குறி.

"பாத்தியா. ரெண்டு பொட்டைக்கு அப்புறம் ஒரு ஆம்பளப் புள்ள வருது. அது உதட்டுலயே குத்தி வச்சிருக்கா உன் மக."

"ஆம்பளப் புள்ளன்னு யாரு அண்ணி சொன்னா?" என்றாள் யாச்சின் படுத்தபடியே. "வாளி தூக்கினேன், வலிச்சுது. படுத்திருக்கச் சொல்லியிருக்காங்க."

"நான் தூக்காத வாளியா? சும்மா படுத்துக் கெடந்தா புள்ள பெருத்துப் போய் வெளியவே வராது. கடையைப் பூட்டிட்டு எல்லாரும் படுத்துக்குவமா? சொல்லு, நானும் வந்து படுக்கிறேன்."

யாச்சின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் விடியுமுன் கிரைண்டர் ஓடியது. அவள்தான் ஓட்டினாள்.

குண்டூசி குத்தக் கூடாது என்று எழுதியவன் வாளியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதியவன் வாளி தூக்கியிருக்க மாட்டான்.

ஹான்யூ அழவில்லை. அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. தான் பிள்ளையைக் குத்தினோமா இல்லையா? கிழித்த தாள்களை அத்தை எறிய மாட்டாள், அடைக் கல்லில் எண்ணெய் துடைக்க அடுக்கி வைத்திருப்பாள். அந்த அடுக்கை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தாள். நிங்நிங்கும் கூடவே நுழைந்தாள்.

"அப்பா வீட்ல இருந்த ஞாயித்துக்கிழமைதான் படத்தை மாட்டினேன். இந்தா ஞாயிறு. கருச்சாமி, அடுப்பு." ஹான்யூ எண்ணெய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். "அடுப்புல இருந்திருக்கு. நான் குத்தினது சுவத்துல. அப்போ நான் இல்ல."

"அப்போ யாரு குத்துனா?"

"யாரும் குத்தல. ஆனா நிங்நிங், தாள்ல போட்ட இடத்துலதான் சாமி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? யுவான்லின் ஊரு முழுக்க இதே காலண்டர்தான். எத்தனை அம்மாவுக்கு வயிறு இருக்கும். எல்லா வீட்டுச் சாமியும் ஒரே நாள்ல அடுப்புல ஏறுமா?"

நிங்நிங் யோசித்தாள். "அடுப்புல ஏறுனா சுடாதா?"

"அதான் பாக்கணும்."

"சாமிக்குக் கால் இருக்கா?"

ஹான்யூ தங்கையை மரியாதையோடு பார்த்தாள். உருப்படியான கேள்வி அது. கால் இருந்தால் தடம் இருக்கும்.

அன்று படுக்கப்போகும் முன் டீ வடிகட்டியில் அடைக்கு வைத்திருந்த கோதுமை மாவை அள்ளி, நடை முழுக்க மெல்லிசாகச் சலித்து விட்டாள். கட்டிலிலிருந்து எங்கே போவதானாலும் அந்த நடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அப்பா லாரியோடு தெற்கே போயிருந்தான். அம்மா கண் மூடியிருந்தாள்.

காலையில் தடம் இருந்தது.

வெறுங்கால் தடம். உள்வளைவே இல்லாமல் அப்பம்போல் உப்பிய பாதம். கட்டைவிரலை விட இரண்டாம் விரல் நீளம். நடையின் நடுவில் மாவு கலைந்திருந்தது. இரண்டு வட்டக் குழி, அதற்கு முன்னால் ஐந்து விரலும் விரிந்த ஒரு கை. அந்தக் கை கொஞ்சதூரம் இழுபட்டிருந்தது.

"சாமி முட்டி போட்டிருக்கு," என்றாள் நிங்நிங் கிசுகிசுப்பாக.

மாவு ஒட்டின கால் நடைக்கு அப்பாலும் போயிருந்தது. சிவப்பு ஓட்டுத் தரையில் வெள்ளைத் தடங்கள் கக்கூஸுக்குப் போய்த் திரும்பின. சாமான் அறைக்குப் போயின. அடுப்புக்கு, காலண்டர் திரிகை என்று சொல்கிற கிரைண்டருக்கு, அங்கிருந்து கடைக் கதவுக்கு. ஹான்யூ ஒவ்வொன்றாகத் தொடர்ந்தாள். கட்டில், கக்கூஸ், சாமான் அறை, அடுப்பு, திரிகை, கதவு. காலண்டர் நாளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்த எல்லா இடத்துக்கும் அது ஒரே விடியலில் போய் வந்துவிட்டது. டிவி இருந்த பக்கம் போகவில்லை. அப்பாவின் சாய்வு நாற்காலிக்குப் போகவில்லை. கல்லாவுக்குப் போகவே இல்லை.

கிரைண்டர் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா நின்றாள். செருப்பு போடவில்லை. கால் வீங்கி எந்தச் செருப்பும் ஏறுவதில்லை. குதிகாலெல்லாம் மாவு. அடைக்கடைக்காரிக்குக் காலில் மாவு புதுசா என்ன, அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஹான்யூ அந்த இரண்டாம் விரலைப் பார்த்தாள். திரும்பித் தடத்தைப் பார்த்தாள். பிறகு கடைக்கு நடந்தாள்.

அத்தை சற்றுமுன்தான் மாடியிலிருந்து இறங்கி அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். கரண்டியும் கையுமாகத் தாளைக் கிழித்தாள். "மூத்தவளே, எங்கடி?"

"திரிகைன்னு போட்டிருக்கு, அத்தை. ஆனா தாள் தப்பு. சாமி எல்லா இடத்துக்கும் போயிட்டு வந்துருச்சு. தடம் இருக்கு."

கல்லில் அடை புரட்டிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. தபால்கார லின்னின் வாயும் நின்றது.

"என்ன தடம்?"

"கால் தடம். கை கூட இருக்கு. வந்து பாருங்க."

அத்தை வந்தாள். கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்குப் பெரிய தடம் அது. ஹான்யூ பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் வரைபடம் காட்டுகிறவள்போல விரலால் காட்டினாள்.

"இங்கதான் அதுக்கு முட்டி மடங்கியிருக்கு. இது கை. இவ்ளோ தூரம் கையாலேயே நகந்திருக்கு. அப்புறம் சுவத்தைப் பிடிச்சிருக்கு, சுவத்துல மாவு பாருங்க. அப்புறம் நேரா கிரைண்டருக்குப் போயிருச்சு. அத்தை, சாமிக்கு வலிக்குமா?"

 அத்தையின் பார்வை வெள்ளைத் தடங்களோடு மெதுவாக நகர்ந்து, போய், கிரைண்டர் முன்னால் நின்ற கால்களில் முட்டியது. யாச்சின் திரும்பினாள். முகம் மாவைவிட வெளுத்திருந்தது.

"எப்ப உக்காந்த?"

"உக்காரல அண்ணி. விழுந்தேன்."

"ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா ஆணி எங்கன்னு தேடுவீங்க."

 அத்தை எட்டிக் கிரைண்டர் சுவிட்சை அணைத்தாள். போய்ப் படு என்று சொல்லியிருக்கலாம். தப்பு என்மேல் என்று சொல்லியிருக்கலாம். அப்படிப்பட்ட வார்த்தைகள் அவள் வாயில் பழக்கமில்லை.

"இன்னிக்குத் திரிகையில சாமி," என்றாள் எங்கேயோ பார்த்துக்கொண்டு. "அங்க நின்னுக்கிட்டு அதை ஆட்டாத. போ."

யாச்சின் போனாள். அத்தை வாளியைத் தூக்கிப் பார்த்தாள். பாதித் தூரத்தில் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்து அந்த வாளியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சோயாப் பால் இல்லையாக்கா?" என்று கடையிலிருந்து லின் குரல் கொடுத்தார்.

"டீ குடி. செத்துற மாட்ட."

மறுநாள் தாளில் அடுப்பு என்று போட்டிருந்தது. ஹான்யூ அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பு என்று சொன்னால் திரிகை சும்மா இருக்கும். திரிகை சும்மா இருந்தால் அம்மா அங்கே வந்து நிற்பாள்.

"என்னடி, எழுத்து மறந்துபோச்சா?"

"கட்டில், அத்தை."

"கட்டிலா?"

"கட்டில்தான். அம்மா படுத்திருக்கற கட்டில். நகத்தக் கூடாது."

அத்தை தாளை வாங்கினாள். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள், மூக்கோடு ஒட்டிப் பார்த்தாள். கடை திறந்த நாளிலிருந்து கிழிக்கிற காலண்டர் அது. கட்டில் வருகிற முறை அன்று இல்லை என்பது கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஹான்யூவைப் பார்த்தாள். ஹான்யூ கண் இமைக்காமல் நின்றாள். அத்தை அந்தத் தாளால் கல்லில் எண்ணெயைத் துடைத்து, கசக்கிக் குப்பையில் போட்டாள்.

"அப்போ அவளை எழுப்பாத," என்றாள்.

அதற்கு அடுத்த நாளும் கட்டில். அதற்கு அடுத்த நாளும். அத்தை அரை அரை வாளியாகத் தூக்கினாள், தூக்கும்போதெல்லாம் தம்பியைத் திட்டினாள். லாரி திரும்பிய அன்று, தூங்கப் போன ஜென்ஹாவைத் தோளைப் பிடித்து எழுப்பிக் கிரைண்டர் முன்னால் நிறுத்தினாள். அவன் அங்கேயும் தூங்கினான், ஆனால் நின்றுகொண்டு. யாச்சின் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, கிரைண்டர் ஓடுவதைத் தன் கை படாமல் முதல்முறையாகக் கேட்டாள். வயிறு இளகிக் கிடந்தது.

"பாப்பா என்ன பண்ணுது?" என்று நிங்நிங் வயிற்றில் காதை வைத்தாள்.

"உதைக்குது."

"கட்டில்ல இருந்து இறங்கணுமாம் அதுக்கு. உள்ள இருன்னு சொல்லு."

காலண்டர் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு காலை, அடையை மென்றபடியே லின் சொன்னார், "மேய்ஜு அக்கா, எங்க வீட்டுக் காலண்டர்ல இன்னிக்கு வேற இடம் போட்டிருக்கு."

"உங்க வீட்ல யாரு முழுகாம இருக்கா, நீயா?"

"இல்ல, சும்மா சொன்னேன். உங்களுக்குக் கண்ணு தெரியலையேன்னுதான். அந்தக் கண்ணாடியைக் குடுங்க, தபால் ஆபீஸ்ல வச்சு முடுக்கித் தர்றேன். அது உங்க வீடு இல்லையே, சாமி ஒண்ணும் சொல்லாது. ரெண்டு நிமிஷ வேலை."

 ஹான்யூ கையில் தட்டை வைத்துக்கொண்டு அத்தையையே பார்த்தாள்.

டிராயர் லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடியின் ஒற்றைக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தை அதை உள்ளே தள்ளி, டிராயரை இடுப்பால் இடித்து மூடினாள்.

"புள்ள பொறக்கட்டும்," என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி அன்றைய தாளைக் கிழித்தாள். "மூத்தவளே, சாமி எங்கடி?"