கோழித் தவிட்டுக்கு ஒரு பிள்ளை

ரஞ்சிதத்தின் மூன்றாவது பிள்ளை ஏழாம் மாசத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டது. பெண். எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரஸர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது என் கையில நிக்காதுலா" என்று வேனில் ஏற்றி மலையை விட்டு இறக்கிவிட்டார். கீழே டவுன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒரு பொட்டலம் சீனிகூட அதைவிடக் கனமாக இருக்கும்.

வார்டில் கட்டில் கொடுத்தும் ரஞ்சிதம் படுக்கவில்லை. பிள்ளைகள் அறைக்கு வெளியே வராந்தா பெஞ்சில், புருஷன் சின்னையாவோடு உட்கார்ந்துவிட்டாள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு பிள்ளைகள் போன ராத்திரிகளிலும் அவளுக்கு ஒரு குரல் கேட்டது. லயத்து வீட்டுக் கதவுக்கு வெளியே, பனிக்குள் நின்றுகொண்டு, "இது யார் பிள்ளை?" என்று கேட்கும். இரண்டு தடவையும் இந்தப் பைத்தியக்காரி, "என் பிள்ளை" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். விடிந்தால் பிள்ளை இல்லை. இரண்டும் தேயிலைக்குக் கீழே ஓடையோரம் கிடக்கின்றன.

"அது மலையிறங்கி வந்துடுச்சுங்க," என்றாள். "பிள்ளையை வித்துடலாம்."

பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற காரியம்தான் இது. பிறந்ததை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். வளர்ப்பது என்னவோ பெற்றவள்தான். ஆனால் அதற்கப்புறம் 'என் பிள்ளை' என்ற சொல் அவள் வாயில் வரக்கூடாது. தேடி வருவது ஆள் தெரியாமல் ஏமாந்து திரும்பிவிடுமாம்.

சரி, ஆஸ்பத்திரியில் தவிட்டுக்கு எங்கே போவது? சின்னையா ரோட்டைத் தாண்டிப் போய்ச் சீனர் கடையில் கோழித் தவிடு கேட்டான். கடைக்காரர், "எத்தனை கோழி?" என்றார். "ஒண்ணு," என்றான். வேறென்ன சொல்லுவான், பாவம்.

வாங்குகிற ஆளும் பக்கத்துப் பெஞ்சிலேயே இருந்தாள். சீதா, மலைமேல் ரிங்லெட் ஊர்க் காய்கறித் தோட்டக்காரி. தலைப்பிரசவம், இருபது வயசு இருக்கும். அவள் பையன் கொழுகொழுவென்று இருந்தான். கொஞ்சம் மஞ்சள் பூத்திருந்தது, அவ்வளவுதான்; இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புவதாக நர்ஸ் சொல்லியிருந்தாள். ரஞ்சிதம் அவளைப் பிடித்ததே அதற்காகத்தான். இப்படி ஒரு ராசிக்காரியிடம் எது நெருங்கும்?

சீதா சிரித்துக்கொண்டே தவிட்டுப் பொட்டலத்தைச் சின்னையாவிடம் வாங்கி ரஞ்சிதத்தின் மடியில் கொட்டினாள். "வாங்கிட்டேன்க்கா. எனக்கு இப்ப ரெண்டு பிள்ளை!"

"தவிடும் நம்மளது, பிள்ளையும் நம்மளது. இதென்ன யாவாரம்லா?" என்று சின்னையா முணுமுணுத்தான்.

"வாயை மூடுங்க. கேட்டுடப் போவுது."

அன்று ராத்திரி குரல் வந்தது. வராந்தாக் கோடியில், லைட் எரியாத இடத்திலிருந்து. "இது யார் பிள்ளை?" ரஞ்சிதம் நாக்குக் குழறாமல் சொன்னாள்: "சீதா பிள்ளை." ஒரு காலடிச் சத்தம் அவளைத் தாண்டிப் போயிற்று. அப்பாடா என்று, மூன்று நாளில் முதல் தடவையாகக் கண்ணயர்ந்தாள்.

விடியற்காலையில் சீதாவின் அலறல் அவளை எழுப்பியது. பையனுக்கு வலிப்பு வந்து, டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அது ஏமாந்து திரும்பவே இல்லை. சீதா பிள்ளை என்று இவள் சொன்னாள், சீதா பிள்ளையைப் போய் எடுத்துக்கொண்டது. வழி சொல்லி அனுப்பினவள் நான்தானே என்று ரஞ்சிதம் வயிற்றில் அடித்துக்கொண்டாள். சத்தம் போடாமல், யாருக்கும் தெரியாமல்.

மத்தியானம் சீதாவின் புருஷன் காய்கறி லோரியோடு வந்து, துணியில் சுற்றிய பிள்ளையை வாங்கிக்கொண்டான். வண்டி ஏறும் முன் சீதா பெஞ்சுப் பக்கம் வந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று ரஞ்சிதம் தலையைக் குனிந்துகொண்டாள். தூற்றியிருந்தால்கூடத் தேவலை.

"பால் கட்டிக்கிச்சுக்கா. பீச்சி நர்ஸ்கிட்ட குடுத்திருக்கேன், குழாய்ல விடுவாங்களாம். நான் வாங்கின பிள்ளைதானே?" சீதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணாச்சும் இருக்கேக்கா எனக்கு. பாத்துக்குங்க."

அவள் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ரஞ்சிதம் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி. லோரி கிளம்பிப் போய்விட்டது.

பொழுது சாயும் நேரத்தில், மாற்று வேலைக்கு வந்த புது நர்ஸ் வேகமாகக் கதவைத் திறந்தாள். "கடைசிப் பெட்டிப் பாப்பாவுக்கு மூச்சு விட்டு விட்டு வருது. அம்மா மட்டும் உள்ள வரலாம். இது யார் பிள்ளை?"

"ரிங்லெட் சீதா பிள்ளை," என்றாள் ரஞ்சிதம்.

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சீதா பிள்ளை காலையிலயே செத்துடுச்சேம்மா. இது யாரோடது?"

வராந்தாக் கோடியில் அது எழுந்து நிற்பது ரஞ்சிதத்துக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் கேட்டுவிடும். மறுபடி சீதா பேரைச் சொல்லலாம்தான். ஆனால் சீதாவிடம் எடுக்க இன்னும் என்ன மிச்சம்? இந்த ஒன்றுதானே? பேசாமல் நின்றாலோ, உள்ளே அந்தச் சின்ன உடம்பு நாதியற்றுக் கிடக்கும்.

"என் பிள்ளை," என்றாள். நர்ஸைப் பார்த்துச் சொல்லவில்லை. கோடியைப் பார்த்துத் திரும்பி, ஆஸ்பத்திரியே எழுந்துவிடும்படி கத்தினாள். "நல்லாக் கேட்டுக்க! என் பிள்ளை! நான்தான் பெத்தேன்! இனிமே எவ வீட்டுக்கும் போவாதே. கேக்கிறதை என்கிட்டயே கேளு!"

சின்னையா பயந்துபோய் எழுந்து நின்றான். அவள் உள்ளே போய்விட்டாள்.

பெட்டியின் ஓட்டை வழியே கையை விடச் சொல்லி நர்ஸ் காட்டிக்கொடுத்தாள். "மூச்சு நின்னா உள்ளங்காலை மெதுவாச் சுண்டுங்க. திரும்ப இழுக்கும். நான் ஆக்ஸிஜன் பாத்துக்கறேன்." பிள்ளையின் மூக்குக் குழாயில் சீதாவின் பால் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ரஞ்சிதம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நின்றது, சுண்டினாள், இழுத்தது. எத்தனை தடவை என்று அவள் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும், "என் பிள்ளை" என்றாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அது நின்றுகொண்டிருந்தது. நிற்கட்டும்.

மூச்சு மறுபடி நின்றது. ரஞ்சிதம் சுண்டினாள்.