வேறொரு நாயின் ரத்தம்

கூடத்தின் நடுவே பயணக் கூண்டு கிடந்தது. பட்டாணியை அதற்குள் உட்காரப் பழக்குவதுதான் கொஞ்ச நாளாக மகளின் காலை வேலை. தன் பழைய சட்டையை உள்ளே விரித்துவிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தச் சடை நாயோ சட்டையை மட்டும் கவ்விக்கொண்டு வெளியே வந்தது.

“விமானத்துல இப்படிப் பண்ணா பைலட்டே இறங்கி ஓடிடுவாரு” என்றார் அப்பா, தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல். கூண்டுக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்ததால் குடும்பமே கிளம்பிக்கொண்டிருந்தது. வெறிநோயை எதிர்க்கும் சக்தி நாயின் ரத்தத்தில் இருப்பதாகப் பரிசோதனை சொன்னால், பட்டாணி நேராக வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் அந்த நாட்டின் தனிமைக் கூடத்தில் மாதக்கணக்கில் அடைபட வேண்டும்.

“அப்படின்னா நானும் அங்கயே இருந்துக்கறேன்” என்று மகள் சொல்லிவிட்டாள். அதற்குப் பயந்துதான் அப்பா ஏஜென்ட்டைப் பிடித்தார். தடுப்பூசி முதல் விமானம் வரை எல்லாம் அவன் பொறுப்பு.

அன்று அவன் பட்டாணியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். அப்பா மெத்தையின் ஓரத்தை அடித்து முடிப்பதற்குள் திரும்பியும் வந்துவிட்டான்.

“முன்னங்கால்ல ரத்தம் எடுத்தாச்சு அண்ணே. தங்கமான நாய், முனகக்கூட இல்ல.”

வேலை முடிந்து வந்த அம்மாவின் மேல் பட்டாணி தாவியது. அவள் கை பழக்கத்தில் அதன் முன்னங்கால்களைத் தடவியது.

“ஏங்க, எந்தக் கால்ல எடுத்தாங்க? முடி அப்படியே இருக்கே. இத்தனை சடையில கொஞ்சமாவது மழிக்காம நரம்பு எப்படித் தெரியும்?”

“உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? நான் தும்முனாக்கூட நிஜத் தும்மலான்னு பாப்ப.”

“எங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் வருதே, அது நிஜத் தும்மலா?”

அப்பா மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா ஏஜென்ட்டுக்கு போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

“கால்ல கிடைக்கலக்கா. கழுத்துல எடுத்தோம்.”

அம்மா கழுத்துச் சடையை விலக்கிப் பார்த்தாள். “கழுத்துலயும் ஒண்ணும் இல்லையே?”

“காதோரமாக்கா...”

“விட்டா வாலுக்குப் போயிடுவ போல. தம்பி, நான் நர்ஸு.”

அவன் சிரித்தான். “உங்ககிட்ட மறைக்க என்னக்கா இருக்கு? எங்ககிட்ட ஒரு நாய் இருக்கு. அதுக்கு மட்டும் ஊசியெல்லாம் ஒழுங்கா போட்டு ராஜா மாதிரி வெச்சிருக்கோம். எல்லார் நாய்க்கும் அது ரத்தம்தான் போகும். இதுவரைக்கும் பெயிலே ஆனதில்ல.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. “அப்போ பாஸ் உறுதி! விடேன்” என்று கிசுகிசுத்தார். எங்கோ தொலைதூரத்தில் முகம் தெரியாத ஓர் அதிகாரி ஏமாறப் போகிறார். அதில் யாருக்கு என்ன கெடுதல் என்பது அவர் எண்ணம்.

அம்மா போனை வைத்தாள். “பட்டாணிக்கு ஊசி போட்டது யாரு?”

“அவன்தான்.”

“போட்டதை நீங்க பாத்தீங்களா?”

“அன்னிக்கும் கார்ல கூட்டிட்டுப் போயி...” அவர் கண்கள் கூண்டின் பக்கம் போயின.

கூண்டின் வாசலில் மகள் படுத்திருந்தாள். அவள் முழங்காலில் இருந்த சிராய்ப்பைப் பட்டாணி நக்கிக்கொண்டிருந்தது. அப்பா துள்ளி எழுந்து நாயைப் பிடித்து இழுத்தார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர், நாயை அடையாளம் காட்டத் தோலுக்கடியில் வைத்திருந்த சிப்பைக் கருவியால் படித்தார். அது மட்டும் நிஜமாகவே இருந்தது. இல்லையென்றால் விமான நிலையத்திலேயே ஏஜென்ட்டின் குட்டு உடைந்திருக்கும். பிறகு காலில் முடியை மழித்து ரத்தம் எடுத்தார். பட்டாணி சும்மா இருந்தது; மகள்தான் அழுதாள்.

முடிவு வந்தபோது, எதிர்ப்புச் சக்தி இல்லவே இல்லை என்றிருந்தது. “ஊசியே போடலையோ, கெட்டுப்போன மருந்தோ” என்ற டாக்டர், ஏஜென்ட்டைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பட்டாணிக்குப் புதிதாக ஊசி போட்டார்கள். அம்மா தனியாக விமானம் ஏறினாள். மற்ற மூவரும் காத்திருந்து பின்னால் போவதென்று முடிவாயிற்று.

அந்த வாரமே ஏஜென்ட் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான். “அண்ணே, பட்டாணி பாஸ்! அமோகமா வந்திருக்கு!”

அப்பா கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கையில் எடுத்தார். “தம்பி, ஒரு பயில்வானுக்கு எடுத்த அளவுல உனக்குச் சட்டை தைச்சா போட்டுக்குவியா?”

“என்னண்ணே, தொளதொளன்னு தொங்குமே!”

“சட்டை தொங்கினா பிடிச்சுத் தைச்சுக்கலாம். என் பொண்ணு உசுருக்கு என்ன பண்ணுவேன்? யாரோ ஒரு ஆபீசரத்தான் ஏமாத்துறோம்னு நானும் பல்லைக் காட்டினேன். பொய் ரத்தத்தக் காட்டி எந்த நாட்டுக்குள்ள வேணா போயிடலாம்பா. ஆனா அந்த நோய் முதல்ல நுழையறது நம்ம வீட்டு வாசல்லதான்.”