மேஜரிடம் போன விசில்

ஜூன் முதலாம் திகதி, ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில் எங்கள் தமிழ்க் கழகம் வருடாவருடம் விளையாட்டுப் போட்டி வைக்கும் திடலின் மேற்பாதி நகராட்சியிடமிருந்து இராணுவத்தின் கைக்குப் போனது. நடுவில் எல்லையாக நட்டிருந்த வெள்ளைக் கம்பங்களுக்கு அந்தப் பக்கம் இனி நகராட்சியின் அனுமதி செல்லாது. இதை நகராட்சிக்காரர் ஏப்ரலிலேயே எனக்கு எழுதியிருந்தார்கள். கழகச் செயலாளரான நான், ஆறுதலாக வாசிக்கலாம் என்று அந்தக் கடிதத்தைத் திறக்காமலே வைத்திருந்தேன். எங்கள் போட்டி ஜூன் ஆறாம் திகதி.

அன்று காலை சீருடையில் ஒரு பெண் மேஜர் வந்து இறங்கினார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. தலைவர் தில்லைநாதன் அண்ணைக்கு விளங்கிவிட்டது. அழைத்திருந்த பிரதம விருந்தினருக்குக் காய்ச்சல். இந்த நேரத்தில் வாசலில் விறைப்பாக வந்து நிற்கும் எவரும் அண்ணைக்குப் பிரதம விருந்தினர்தான். மேஜர் வாய் திறக்குமுன் மாலை விழுந்தது. பாண்ட் முழங்கியது. பிள்ளைகள் சிவப்பு, நீலம் என்று இல்லம் இல்லமாக அணிநடையில் வந்தார்கள். மேஜரின் கை தானாக நெற்றிக்கு ஏறியது. கடைசி நாலு வயதுக்காரி கடந்துபோகும்வரை இறங்கவில்லை.

பிறகுதான் மாலையைக் கழற்றி, என்னிடம் விஷயத்தைச் சொன்னார். திடலின் மேற்பாதியை நாங்கள் பாவிக்க முடியாது.

என் மானம் போவது பற்றி எனக்குக் கவலையில்லை, அது பழகிவிட்டது. என் மனைவி யோகராணியைத்தான் நினைத்தேன். சிவப்பு இல்லப் பெண்களின் கயிறிழுத்தல் தலைவி. புஷ்பமலர் அக்காவின் நீல இல்லத்திடம் எட்டு வருடமாகத் தோல்வி. இந்த முறை வென்றே தீருவது என்று மாரி முழுக்க எங்கள் காரில் கயிறு கட்டி, பனிக்குள் இழுத்துப் பழகியிருந்தா. பாரம் போதாதென்று காருக்குள் என்னை இருத்தியிருந்தா. அந்த எட்டு வருடமும் நடுவர் நான். மனைவிக்குச் சாய்கிறான் என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், சந்தேகமான இழுவையெல்லாம் நீலத்துக்கே ஊதிவிடுவேன்.

மேஜர் யாருக்கோ போன் எடுத்தார். போட்டி நடக்கலாம், ஆனால் மாலைவரை அவர் நிற்பார், கம்பங்களுக்கு அந்தப் பக்கம் அவர் சொல்லே முடிவு என்றார்.

கயிறு கிடந்தது அந்தப் பக்கத்தில். நான் விசிலோடு போனேன்.

"இஞ்சாருங்கோ, உது ஆமியின்ரை நிலம்," என்றா யோகராணி. "உங்கடை விசில் இஞ்சை செல்லாது."

"அவரே ஊதட்டும்," என்றா புஷ்பமலர் அக்கா. "எட்டு வருசமாய் நல்லாத்தானே ஊதுறார்."

"ஓம் அக்கா, உங்களுக்கு நல்லாத்தான் ஊதினவர்."

நான் மேஜருக்கு மொழிபெயர்த்தேன். மேஜர் கையை நீட்டினார். விசிலைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தேன். இவ்வளவு சந்தோஷமாக யாரும் அதிகாரத்தை விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

முதல் இழுவை சிவப்புக்கு, இரண்டாவது நீலத்துக்கு. மூன்றாவதில் கயிற்றின் முடிச்சு கோட்டுக்கு மேலேயே நின்று நடுங்கியது. நானென்றால் அதிலேயே நீலத்துக்கு ஊதியிருப்பேன். மேஜர் முழங்காலிட்டு முடிச்சையே பார்த்தார். ஊதவில்லை. யோகராணியின் சப்பாத்து புல்லைக் கிழித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனது. இன்னொரு அடி. விசில் கேட்டது. சிவப்பு.

யோகராணி வெற்றிக் கோப்பையை வாங்கப் போகவில்லை. ஒலிவாங்கியைக் கொண்டுவந்து என் வாய்க்கு நேரே பிடித்தா.

"எட்டு வருசமும் பிழையாய் ஊதினனான் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். தமிழில் ஒருமுறை, மேஜருக்காக நோர்வேஜியனில் ஒருமுறை. மேஜர்தான் பலமாகக் கைதட்டினார்.

"நாலுதான் பிழை," என்றா புஷ்பமலர் அக்கா. "மற்ற நாலும் நாங்கள் உண்மையாய் வெண்டது."

யோகராணி ஆறு என்றா. ஒருத்தியின் தோளில் மற்றவ கைபோட்டபடி, பேரம் பேசிக்கொண்டே இருவரும் கொத்துரொட்டிக் கடைப்பக்கம் நடந்தார்கள்.