நாலாவது தூண்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட தட்டுகளை எடுத்ததும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒரு நகரமாகிவிடும். அந்த நகரத்தைக் கட்டியவள் தங்கை. மாநகராட்சியின் கழிவுநீர்ப் பிரிவில் வரைபடம் வரைவது அவள் பிழைப்பு. ஊருக்கு அடியில் எந்தக் குழாய் எந்த முக்கில் திரும்புகிறது என்பது அவளுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. மேசை நகரத்துக்கும் அந்தப் படங்களிலிருந்துதான் திருடினாள். பேரை மாற்றி, மதில் எழுப்பி, ஏழு வாசல் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆட்டம் எளிது. அவள் கதை சொல்வாள். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அங்கே தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும்; பெரிய எண் விழுந்தால்தான் பலிக்கும். அக்கா பூட்டுடைக்கும் திருடி. அக்காவின் பள்ளித்தோழியான தையல்காரி மந்திரக்காரி. எந்தச் சிக்கலானாலும் முதலில் தீ வைத்துவிட்டுப் பிறகுதான் யோசிப்பாள். அக்காவின் கணவர், தங்கைக்கு மாமா, கட்டட ஆய்வாளர். ஆட்டத்திலும் அவர் கல்தச்சன்தான். ஆபீஸ் வேலையை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருகிறாரே என்று அக்கா வாரம் தவறாமல் குத்திக்காட்டுவாள். அவரும் வாரம் தவறாமல் சிரிப்பார்.

அந்த வாரம் அவர் சிரிக்கவில்லை.

நகரத்தில் விளக்கேற்றுபவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். தடயம் அங்காடிக் கோபுரத்தின் நிலவறைக்கு இட்டுச் சென்றது. மேலே நான்கு அடுக்கு முழுக்கக் கடைகள். கீழே, என்றோ மூடி மறந்துபோன ஓர் ஆறு. தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: படி இறங்கும்போதே ஈரவாடை. தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். மூன்று தூண்களைத் தாண்டினால் நாலாவது தூணின் அடியிலிருந்து நீர் கசிகிறது. விரல் நுழையும் அகலத்துக்கு ஒரு விரிசல். தொட்டால் கல் மாவாக உதிர்கிறது.

தையல்காரி தீப்பந்தம் ஏற்றப் பகடையைக் கையில் எடுத்தாள். மாமா அவள் கையை மறித்தார்.

"விரிசல் நேரா இருக்கா, சாய்வா இருக்கா?"

தங்கை அதை யோசித்திருக்கவே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். "சாய்வா."

மாமா தன் கல்தச்சன் கீழே வரமாட்டான் என்றார். பிறகு, கோபுரத்தில் உள்ள எல்லோரையும் வெளியே போகச் சொல்கிறான் என்றார். நாலு பேய்க்குப் பயப்படாதவன் ஒரு தூணுக்குப் பயப்படுகிறானே என்று தையல்காரி கேலி செய்தாள். அவர் பகடையை உருட்டினார். மூன்று விழுந்தது. ஜனங்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை என்று தங்கை விதிப்படி சொன்னாள். மீண்டும் உருட்டினார். ஐந்து. மூன்றாவது தடவை பகடை அவர் விரலிலிருந்து நழுவித் தரையில் ஓடியது. அதை எடுக்காமலே எழுந்து சமையலறைக்குப் போனார்.

தங்கை பின்னாலேயே போனாள். குழாய் திறந்திருந்தது. டம்ளர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் பார்க்கவில்லை.

"உனக்கு யார் சொன்னா?" என்றார்.

"எதை மாமா?"

"ஜவுளி மார்க்கெட் கட்டடத்தைப் பத்தி."

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வரைபடத்தில் பழைய கால்வாய் அந்தக் கட்டடத்துக்கு நேர் அடியில்தான் போகிறது. கோபுரத்தை அங்கே வைத்தது அதனால்தான். விரிசல் மட்டும் அவள் கற்பனை. மாமாவுடையதோ கண்ணால் கண்டது. மூன்று வாரத்துக்கு முன் அந்த நிலவறையில் டார்ச்சோடு நின்றிருக்கிறார். நாலாவது தூணில் சாய்வான விரிசல், பாரம் தாங்காமல் தூண் உடையத் தொடங்கியதன் அடையாளம். மேலதிகாரியிடம் சொன்னார். ஊரைக் கலவரப்படுத்தாதே, நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுது என்றார் மேலதிகாரி. மாமாவும் அப்படியே எழுதிவிட்டார்.

"மழைக்கு முன்னாடி திரும்பப் போய்ப் பாக்கலாம்னு இருந்தேன்" என்றார். தன் காதுக்கே அது பொருந்தவில்லை போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மழை தொடங்கி நான்கு நாளாகிறது. கூடத்தில் தையல்காரி அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தையல்காரியின் கடை அதே கட்டடத்தில், தரைத்தளத்தில். பள்ளிச் சீருடைகளை நாளைக்குள் கொடுக்க வேண்டும் என்று இன்றும் இரண்டு பெண்கள் அங்கே தைத்துக்கொண்டிருப்பதாகச் சாப்பிடும்போதுதான் சொன்னாள். அப்போது மாமா தலை நிமிராமல் சாப்பிட்டது தங்கைக்கு நினைவு வந்தது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

அவரே சொன்னார். மேசையருகே நின்றபடி, நான்கே வாக்கியத்தில். தையல்காரி செல்போனில் கடைக்கு அழைத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. தையல் மெஷின் சத்தத்தில் கேட்காது என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது எல்லோருக்கும் கேட்டது.

ஒரே ஆட்டோவில் நால்வரும் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். வழியிலேயே மாமா தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினார். தன் பேரையும் பதவியையும் சொல்லி, தான் எழுதிய அறிக்கை பொய் என்று இரண்டு முறை சொன்னார். மறுமுனைக்கு முதல் தடவை புரியவில்லை.

கட்டடத்தின் ஷட்டர்கள் பாதிதான் இறங்கியிருந்தன. மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தையல்காரி நேராகக் கடைக்குள் நுழைந்து மெயின் சுவிட்சை அணைத்தாள். இரண்டு பெண்களும் நிமிர்ந்தார்கள். மெஷின்கள் அடங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. யாரோ தரைக்கு அடியில் பல்லைக் கடிப்பது போல, விட்டு விட்டு.

அக்கா மேல்மாடிக்கு ஓடினாள். மாமா அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு கடையாகப் போனார். முதல் இரண்டு கடைக்காரர்கள் நகரவில்லை. போன மாதம் நீங்கதானே நல்லா இருக்குன்னு எழுதினீங்க என்றார் ஒருவர். மாமா அவருடைய கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். சுவர் அதிர்ந்தது. அதற்குப் பிறகு அவர் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அந்தக் கடைக்காரரே மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே ஓடினார்.

தெரு முழுக்க ஜனம் கூடியது. ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. வேலையற்ற வேலை என்று சிலர் முணுமுணுத்தார்கள். தீயணைப்பு அதிகாரி கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வெளிறிய முகத்தோடு வந்து, யாரையும் உள்ளே விடாமல் கயிறு கட்டச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டடத்தின் பின்பாதி உட்கார்ந்தது. சாய்ந்து விழவில்லை, களைத்த ஆள் மாதிரி அப்படியே உட்கார்ந்தது. உள்ளே யாரும் இல்லை. சீருடைகளும் ஒன்பது மெஷின்களும் போயின.

மாமாவை வேலையிலிருந்து நிறுத்தி விசாரணை வைத்தார்கள். மேலதிகாரி தனக்கு எதுவும் தெரியாது என்றார். அக்கா சமைத்தாள், பரிமாறினாள், கணவரிடம் பேச்சில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தையல்காரி வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். கொடுத்த காபியைத் தொடவில்லை. மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். இந்த மாதிரி வேற எத்தனைக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க?"

மாமா தங்கையிடம் ஒரு தாள் கேட்டார். அவள் கொடுத்தாள்.

எழுதத் தொடங்கினார். முதல் முகவரி, இரண்டாவது, மூன்றாவது. அக்கா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தாளின் அடிவரை போன பேனா நிற்கவில்லை. அவர் தாளைத் திருப்பிப் போட்டார்.