ஆணியில் இல்லாத சிவப்புத் துணி

வெர்னாவுக்கு எலியைக் கண்டால் அருவருப்பு, அணிலைக் கண்டால் ஆத்திரம். தம்பி கிளைட்டைக் கண்டால் கொஞ்ச நாளாக இரண்டும் சேர்ந்தே வந்தது.

அம்மா போனபின் கெட்டில் ஏரிக்கரை வீடு அக்கா தம்பி இருவருக்கும் பொதுவானது. கோடையில் முறைவைத்துத் தங்குவார்கள். அக்டோபரில், அறுவடைக்கு நன்றி சொல்லும் நன்றி நாள் விடுமுறை முடிந்ததும், விருந்தில் மிஞ்சிய வான்கோழியைத் தின்று தீர்த்து, குழாய் உறைந்து வெடிக்காமலிருக்கத் தண்ணீரை வடித்து, ஓட்டைகளை அடைத்து, பனிக்காலத்துக்குப் பூட்டிவிட்டு வருவார்கள். அடைப்பது கிளைட்டின் வேலை. அவன் அடைத்த லட்சணத்தில், போன வசந்தத்தில் அம்மா கையால் தைத்த போர்வைக்குள் எலி குடித்தனம் நடத்தியது. புகைபோக்கி வழியாக இறங்கிய அணில் தலையணைகளை ஒன்று விடாமல் பிய்த்துப் போட்டிருந்தது.

அந்தப் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வெர்னா சண்டையை ஆரம்பித்தாள். வீட்டையே விற்றுவிடலாம், தொல்லை விட்டது என்றான் அவன். அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது.

“நீ செத்தாக்கூட நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றாள்.

இந்த அக்டோபரில் அவன் கிளம்பிப் போன மறுநாள், அவனுக்குச் சொல்லாமல் தனியாக வந்தாள். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைப் பை நிறைய வாங்கி வந்து, சுண்டுவிரல் நுழையும் இடத்தைக்கூட விடாமல் திணித்தாள். ஏணி வைத்துக் கூரையேறி, புகைபோக்கியின் வாயிலும் திணித்து வலை போட்டுக் கட்டினாள். இனி எந்த அணில் வருகிறதென்று பார்ப்போம் என்று வாய்விட்டே சொன்னாள்.

புகைபோக்கியை அடைத்தால், குளிர்காயும் விறகடுப்பின் கதவுக் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டவேண்டும். அடைக்காத நாளில் அந்தத் துணி அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அப்பா வைத்த சட்டம் அது. அதற்குக் காரணம் இருந்தது. அக்கரை வீட்டுக்காரர் ஒருவர், புகைபோக்கியைக் கம்பி நாரால் அடைத்ததை மறந்து ஒரு முறை அடுப்பு மூட்டினார். கம்பி நார் கொஞ்சம் புகையை விட்டதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. தணல் அடங்கியபோது நச்சுக்காற்று வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

வெர்னா துணியை ஆணியிலிருந்து எடுக்கத்தான் செய்தாள். எடுத்த கையோடு, பாத்திரத் தொட்டிக்கு அடியில் குழாயைச் சுற்றி ஓர் இடுக்கு கண்ணில் பட்டது. கம்பி நார் தீர்ந்திருந்தது. இப்போதைக்கு இருக்கட்டும், கைப்பிடிக்கு வேறு ஏதாவது கட்டலாம் என்று துணியை அங்கே திணித்தாள். அப்புறம் தண்ணீர் வடிக்கிற வேலை வந்தது, பூட்டுகிற வேலை வந்தது. கைப்பிடி வெறுமனே நின்றது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை கிளைட்டின் மனைவி மார்லா தொலைபேசியில் பேசினாள். பேச்சுவாக்கில், கிளைட் விடியலிலேயே ஏரிவீட்டுக்குப் போய்விட்டான், பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறானாம், இரண்டு நாள் தனியாக இருக்கவேண்டுமாம் என்று சொல்லிச் சிரித்தாள். வெர்னாவின் கையில் அப்போது கம்பி நார் இருந்தது. வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

அங்கே கைபேசி எடுக்காது. போலீசுக்குச் சொன்னாள், அவர்கள் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். அவளுக்குக் காரில் நாற்பது நிமிஷம். படகுத்துறையோடு சாலை முடிந்தது. அங்கிருந்து உறைந்த ஏரியின் மேல் அரை மணிக்கு மேல் நடந்தாள், பாதி தூரம் ஓடினாள். கூரை தெரிந்தது. புகை இல்லை. மூட்டவில்லையா, மூட்டி அடங்கிவிட்டதா? நான்தான் கொன்றேன் என்று மார்லாவிடம் எப்படிச் சொல்வது என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே, குளிர்ந்த அடுப்பின் முன்னால், மேல்கோட்டைக் கழற்றாமல் கிளைட் உட்கார்ந்திருந்தான். காலடியில் கம்பி நார்ப் பொதி. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த பழைய சுள்ளிப்பெட்டியைக் காட்டினான். அதற்குள் ஒரு எலிக்கூடு இருந்தது, முழுக்க முழுக்கச் சிவப்பு நூல்.

“பத்த வைக்கச் சுள்ளி எடுக்கக் குனிஞ்சேன். இது கண்ணுல பட்டுச்சு. ஆணியப் பாத்தா துணி இல்ல. கைப்பிடியிலயும் இல்ல. தீக்குச்சிய உரசி ஒரு கையில வச்சிருந்தேன், வெர்னா.”

“மறந்துட்டேன், கிளைட். சத்தியமா மறந்துட்டேன்.”

“ஒரு மணி நேரமா இங்கதான் உக்காந்திருக்கேன். நான் செத்தாக்கூடன்னு சொன்னியே, அதையே நெனச்சுக்கிட்டு.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலாவது தேவலை. மறந்துட்டேன் என்ற சொல்லைத் தவிர அவளிடம் காட்ட வேறு எதுவும் இல்லை. அதை இன்னொரு முறை சொன்னாள்.

ஏரியின் மேல் பனிவண்டிச் சத்தம் கேட்டது. போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வாசலில் வந்து இறங்கி, என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கிளைட் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு கம்பி நாரைக் காலால் அடுப்புக்குப் பின்னால் தள்ளினான்.

“ஒண்ணுமில்லீங்க” என்றான். “எலித் தொல்ல.”