கேப்டனின் கக்கூஸ்

நான் ஊற்றிக் கொடுத்த தண்ணீரை அத்தை வட்ட ஜன்னல் வழியாகக் கடலில் கொட்டியதை என் கண்ணாலேயே பார்த்தேன். கொட்டிவிட்டு உதட்டை வேறு துடைத்துக்கொண்டார். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. போன வாரம்தான் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். மறுபடி இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது, தண்ணீர்தான் முதல் மருந்து என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருந்தார்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"குடிச்சிட்டேம்மா."

"கடல்தான் குடிச்சுது. நான் பாத்தேன்."

அத்தை டம்ளரை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "குடிச்சா போகணும். போனா அடைச்சுக்கும். அவன் கத்துவான். எதுக்கும்மா வம்பு?"

அவன் என்றால் அவருடைய மகன், என் கணவர். துறைமுகத்தில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். அதில் பாதிப் பேர் கிண்டலுக்குக் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. என்னைவிட வயதான ஒரு பாய்மரப் படகை வாங்கி, இருந்த வீட்டைக் காலி செய்து, உலகம் சுற்றப் போகிறோம் வா என்று இதில் குடியேற்றினார். இதுவரை பக்கத்துத் துறையைக்கூடப் பார்த்தபாடில்லை. மாமா போன பிறகு அத்தையும் எங்களோடு வந்துவிட்டார். கூடத்தில் நான் எழுந்தால் அவர் உட்கார வேண்டும், அவர் எழுந்தால் நான் உட்கார வேண்டும். இடம் அவ்வளவுதான்.

இதில் கக்கூஸ் என்று ஒன்று இருக்கிறது. துணி அலமாரி அளவில் ஒரு அறை, அதற்குள் ஒரு பீங்கான், பக்கத்தில் ஒரு கைப் பம்ப். கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால் கடல்நீர் உள்ளே வந்து, கழிவைத் தள்ளிக்கொண்டு தொட்டிக்குப் போக வேண்டும். எங்களுடையது போகாது. பம்ப் கல்லாகக் கனக்கும். முக்கி முனகி அடித்தால் பாதி போகும், கையை எடுத்ததும் போனதெல்லாம் நலம் விசாரிக்கத் திரும்பி வரும்.

"அம்மா பேப்பரைத் திணிக்கிறா, அதான்" என்று கேப்டன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். யாரும் கக்கூஸில் பேப்பர் போடக் கூடாது, நாலு அடிக்கு மேல் பம்ப் அடிக்கக் கூடாது என்று சட்டம் வேறு. அதோடு விட்டாரா? மேல்தளத்தில் நின்று பக்கத்துப் படகுக்காரனிடம், "எங்கம்மாவுக்கு இதெல்லாம் பழக்கமில்ல, மாசம் ஆனாலும் கத்துக்க மாட்டேங்கிறா" என்று சிரித்தார். அவன் சிரித்தான். கீழே அத்தை காது கேட்காதவர் மாதிரி போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்துதான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். கரையில் குளியலறை இருக்கிறது. ஆனால் ஆடுகிற பலகையைத் தாண்டிப் போக வேண்டும், அவருடைய முழங்காலுக்கு அது நடக்கிற காரியமா?

எனக்கும் அத்தைக்கும் ஏழாம் பொருத்தம். நான் துடைத்த பாத்திரத்தை என் முன்னாலேயே மறுபடி துடைப்பவர் அவர். அதற்காக ஒரு மனுஷி நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பதை வேடிக்கை பார்க்க முடியுமா? கேப்டன் அப்போது படகில் இல்லை. கொடி கிழிந்துவிட்டதாம், புதுக் கொடி வாங்கப் போயிருந்தார். கக்கூஸ் நாறுகிறது, துரைக்குக் கொடி கேட்கிறது. கையுறையை மாட்டிக்கொண்டு, வாளியும் ஸ்க்ரூடிரைவருமாக உள்ளே போனேன்.

படகின் அடியில் இருக்கும் கடல் வால்வுகளை முதலில் மூடினேன். அதை மூடாமல் கை வைத்தால் கடலே வீட்டுக்குள் வந்துவிடும். பிறகு மண்டியிட்டு, பீங்கானுக்குப் பின்னால் தலையை நுழைத்து, ஹோஸ் வந்து சேரும் மூட்டைக் கழற்றினேன். வந்த நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. கெட்ட வார்த்தைகள் எனக்கு இவ்வளவு தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

உள்ளே ஒரு துண்டுப் பேப்பர் இல்லை. விரலை விட்டுத் துழாவினேன், ஒன்றுமே இல்லை. மூட்டுக்குள் கறுப்பு ரப்பர் வால்வு ஒன்றுதான் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் அகன்று, மறு பக்கம் உதடு மாதிரி ஒட்டியிருக்கும். போனது திரும்பி வராமல் தடுப்பதுதான் அதன் வேலை. மெக்கானிக் எதற்கு, நானே மாற்றுகிறேன் என்று கேப்டன் மாற்றியது. அவர் மாற்றிய வாரம்தான் அத்தை பெட்டியோடு வந்து இறங்கினார். அந்த ரப்பரின் உதடு தொட்டிப் பக்கம் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐயா திருப்பி மாட்டியிருக்கிறார்.

பாவி மனுஷா, பெற்றவளை ஆஸ்பத்திரி வரைக்கும் அனுப்பினாயே!

அலமாரியில் இருந்த இன்னொரு புது வால்வை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். "இது புதுசு. இந்தப் பக்கம் வாயை வெச்சு ஊதுங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அகன்ற பக்கத்தில் ஊதினார். காற்று புஸ்ஸென்று போனது.

"இப்ப அந்தப் பக்கம்."

உதட்டுப் பக்கம் ஊதினார். கன்னம் உப்பியது, காற்று போகவில்லை. இன்னொரு தரம் ஊதினார். வால்வைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க பிள்ளை இதைத் தலைகீழா மாட்டியிருக்காரு. உள்ள பேப்பரே இல்ல அத்தை. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் கண் கலங்கும் என்று நினைத்தேன். கலங்கவில்லை. வால்வை என்னிடம் நீட்டினார். "அவன்கிட்ட சொல்லாதம்மா. மனசு கஷ்டப்படுவான்."

"உங்க மனசு?"

அத்தை முந்தானையால் டம்ளரைத் துடைக்க ஆரம்பித்தார். எரிச்சலோடு உள்ளே போய் புது வால்வைச் சரியான பக்கம் மாட்டி, ஸ்க்ரூவை முறுக்கி, கடல் வால்வுகளைத் திறந்து பம்ப்பை அடித்தேன். கைப்பிடி வெண்ணெயாக இறங்கியது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை. பழைய வால்வை வாளியில் போட்டுக் குளித்துவிட்டு வந்தேன்.

கேப்டன் சுருட்டிய கொடியோடு வந்தார். வந்ததும் நேராகக் கக்கூஸுக்குள் போனார். வெளியே வந்தபோது முகமெல்லாம் பல்.

"பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா? அம்மா நாலு நாள் பேப்பர் போடாம இருந்தா, தானா சரியாயிடுச்சு!"

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அத்தை எழுந்தார். கூஜாவிலிருந்து டம்ளர் நிறையத் தண்ணீரை ஊற்றி, மகனுக்கு எதிரே நின்று, ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு டம்ளர் ஊற்றி அதையும் குடித்தார். பிறகு அலமாரியிலிருந்து பேப்பர் சுருளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கக்கூஸுக்குள் போய்க் கதவைத் தாழிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பம்ப் சத்தம் கேட்டது.

"அம்மா, நாலு அடி போதும்!" என்று கேப்டன் குரல் கொடுத்தார்.

சத்தம் நிற்கவில்லை. அவர் போய்க் கதவைத் தட்டினார். "பம்ப் போயிடும்மா! காது கேக்கலையா?" சத்தம் இன்னும் வேகமானது. மேஜையில் இருந்த விளக்கு அதற்கேற்ப ஆடியது.

நான் வாளியிலிருந்து பழைய வால்வை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"என்ன இது?"

"ரெண்டு பக்கமும் ஊதிப் பாருங்க. புரியும்."

"கழுவினியா?"

ஒரு கையில் கொடியும் மறு கையில் ரப்பருமாக அவர் அந்தக் கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். உள்ளே அத்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.