நாலு மாடிப் படிக்கட்டுக்கு நான் எழுதிய சான்று

எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் வந்து இறங்குகிற சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்வார்கள். சுவரில் உத்திரங்கள் வெளியே தெரிய வரிசையாக நிற்கும் மரச்சட்ட வீடுகளைப் பார்த்து, 'ஆகா, நானூறு வருஷம்!' என்று வாயைப் பிளப்பார்கள். பிறகு திரும்பி எங்கள் கான்கிரீட் குடியிருப்பைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அட அறிவுக் கொழுந்துகளே, அந்த மரச்சட்ட வீடுகள் என் மகனைவிட ஆறு வயசு சின்னவை! உலகப் போரில் எரிந்துபோனதைப் பழைய போட்டோவைப் பார்த்து 1987இல் திரும்பக் கட்டினார்கள். எங்கள் கட்டடம் 1964. திடலில் எல்லாவற்றுக்கும் மூத்தது அதுதான்.

இதை ஊருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் ஹார்ட்முட் கிரேவே, ஓய்வுபெற்ற கட்டடக்கலை ஆசிரியன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நகராட்சி எங்கள் கட்டடத்தை இடித்துவிட்டு, அங்கேயும் நாலு பொம்மை வீடுகளை நட்டுவைக்கப் பார்த்தது. நான் விடவில்லை. கையெழுத்து வாங்கினேன், கூட்டம் போட்டேன், நாற்பத்திரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். அதில் ஒன்பது பக்கம் படிக்கட்டுக்கு மட்டும். தூணே இல்லாமல் நாலு மாடிக்குச் சுழன்று ஏறும் படிக்கட்டு. நடுவில் வெறும் வெளிச்சம். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று வாசலில் நீல வெள்ளைத் தகடு அடித்த அன்று நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட அழவில்லை.

சென்ற பிப்ரவரியில் என் மனைவி லீஸ்பெத் பனியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் நடந்தது. ஆனால் இனிப் படி ஏறி இறங்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நாங்கள் இருப்பது நாலாம் மாடி. எழுபத்திரண்டு படி. ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கிவந்து விட்டுப்போனதிலிருந்து அவள் தெருவை மிதிக்கவில்லை. சனிக்கிழமைச் சந்தையை ஜன்னலில் இருந்து பார்ப்பாள். நான் கீழே ஸ்ட்ராபெர்ரி வாங்கும்போது மேலிருந்து கத்துவாள்.

"அத வாங்காதீங்க! அடியில நசுங்கிக் கெடக்கு, இங்கேருந்தே தெரியுது!"

லிஃப்ட் வேண்டும். அவ்வளவுதான். படிக்கட்டின் நடுவில் இருக்கும் காலி இடத்தில் கச்சிதமாகப் பொருந்தும். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் சம்மதித்தார்கள். கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டேன். அதிகாரி ஓல்ட்மன் அம்மாள் நேரிலேயே வந்தார். படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து என் பழைய அறிக்கையை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தார்.

"'இந்த நடு வெளியில் ஒரு கம்பியை நிறுத்தினாலும் அது குற்றம்.' முப்பத்தோராம் பக்கம். நீங்க எழுதினதுதானே சார்?"

"நான்தான். அப்போ என் மனைவிக்கு இடுப்பு நல்லா இருந்துச்சு."

"புரியுது சார். ஆனா இடுப்பு சட்டத்துல வராதே."

பாவம், அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. போகும்போது குரலைத் தாழ்த்தி, "இந்த அறிக்கைய மறுத்து ஒரு நிபுணர் எழுதிக் கொடுத்தா, முடிவெடுக்கிற எங்க குழுவுல வைக்கலாம்," என்றார்.

வேறு எந்த நிபுணர்? நானே உட்கார்ந்தேன். பன்னிரண்டு நாள், இருபது பக்கம். அந்தப் படிக்கட்டு ஒன்றும் அபூர்வம் இல்லை, அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தது, கைப்பிடி வேறு அசிங்கம் என்று கூசாமல் எழுதித் தள்ளினேன். லீஸ்பெத் ஒவ்வொரு பக்கமாக வாங்கிப் படித்தாள்.

"எடுபடலைங்க. மனசாரத் திட்டுன மாதிரியே இல்ல. எங்கம்மாவத் திட்டும்போது மட்டும் எவ்வளவு சரளமா வரும் உங்களுக்கு!"

ஆனாலும் அனுப்பினேன். ஆறு வாரம் கழித்துக் குழுவின் பதில் வந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 'புதிய அறிக்கை மேலோட்டமானது. திரு. கிரேவே அவர்களின் முந்தைய அறிக்கையோ இத்துறைக்கே முன்மாதிரி. அதன் வாதங்களை எவராலும், அதை எழுதியவராலேயேகூட, அசைக்க முடியவில்லை.'

படித்து முடித்து நிமிர்ந்தேன். லீஸ்பெத் கடிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கிறீங்க," என்றாள்.

"சேச்சே, யாரு? நானா?"

"கடைசி வரிய ரெண்டு தடவ படிச்சீங்க."

எனக்குக் காது சுட்டது. அவள் கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். காப்பிக் கோப்பையை நகர்த்திவைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"எதிர்ல மரச்சட்ட வீட்டுல லிஃப்ட் இருக்கு. மூணாம் மாடி காலி. போன வாரமே போன் பண்ணிக் கேட்டுட்டேன். நான் போறேன். நீங்களும் வரீங்களா, இல்ல இந்தப் படிக்கட்டுக்குத் துணையா இருக்கப் போறீங்களா?"

வருகிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. ஜன்னல் வழியே அந்தப் போலி வீட்டை, அதன் ஒட்டவைத்த உத்திரங்களை, ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். நாற்பத்தாறு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவளுக்கு அந்தத் தாமதம் தெரியாமல் போகுமா?

"பரவாயில்ல, இன்னும் நேரமாகும்னு நெனச்சேன்," என்றாள். "பொட்டி படுக்கைய இறக்க ஆள் சொல்லுங்க. என்னையும் சேத்துத் தூக்கணும்னு சொல்லிடுங்க."